ஓடுபவர்கள் இடுப்பின் இறுக்கத்தைத் தளர்த்துவது எப்படி?

ஓடும்போது பின்னங்கால் தரையை உந்தித் தள்ளும் கணத்தில், தொடை இடுப்புக்குப் பின்னால் நீள வேண்டும். கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் தொடங்கி, இடுப்பின் முன்புறமாக இறங்கித் தொடையெலும்பைப் பற்றியிருக்கும் சோவாஸ் தசை இறுகியிருந்தால், தொடை போதிய அளவு பின்னே போகாது. அந்தக் குறையைக் கீழ்முதுகு தன்னை வளைத்து ஈடுகட்டும். ஓடி முடித்ததும் முதுகு பிடித்துக்கொள்கிறது என்பவர்கள் இடுப்பையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கட்டிலின் விளிம்பில் அமர்ந்து அப்படியே மல்லாந்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் காலைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தொங்கும் காலின் தொடை மெத்தையில் படியாமல் மேலெழுந்து நின்றால், அந்தப் பக்கத்து முன்னிடுப்புத் தசை இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இதற்கான பயிற்சியில் பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். வலது முழங்காலை மடித்த துண்டின் மேல் ஊன்றி, இடது பாதத்தை முன்னே வைத்து அரைமண்டியிடுங்கள். உடனே முன்னால் சாய்ந்துவிட வேண்டாம். அப்படிச் சாய்ந்தால் வளைவது முதுகுதான், இடுப்பு அல்ல. முதலில் வலது பிட்டத் தசையை இறுக்கி, வால் எலும்பை உள்நோக்கி மடக்குங்கள். அசைந்ததே வெளியில் தெரியாத இந்தச் சிறு மாற்றத்திலேயே வலது தொடையின் மேல்பகுதியில் இழுவை தெரியத் தொடங்கும். பிறகு உடல் முழுவதையும் இரண்டு விரற்கடை அளவு முன்னே நகர்த்தி, மூச்சை அடக்காமல் 30 விநாடிகள் நின்று, பக்கத்துக்கு 2 முறை செய்யுங்கள். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

பிட்டத்தின் ஆழத்தில் உள்ள தசைகளுக்கு, மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறு முழங்காலின் மேல் குறுக்காக வைத்து, கீழுள்ள தொடையைக் கைகளால் மார்பை நோக்கி இழுத்தால் போதும்.

இவற்றை ஓடி முடித்து உடல் சூடாக இருக்கும்போது செய்யுங்கள். ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்து நிறுத்துவது தசையின் வலுவைச் சற்று நேரத்துக்குக் குறைக்கும் என்பதால், ஓட்டத்துக்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் 10 முறை வீசுவதே பொருத்தம்.

இழுவை வேறு, வலி வேறு. கவட்டையில் கிள்ளுவதுபோல் வலித்தால் சாய்வைக் குறையுங்கள். காலை ஊன்றும்போதோ ஒற்றைக் காலில் குதிக்கும்போதோ அங்கே வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கவும் கூடும் என்பதால், ஓட்டத்தையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.