மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அதனால் 1983-இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கையில் இரண்டு சொல் இருந்தும் நாம் குழப்பிக்கொள்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

வாட்ஸப் இலவசம், ஜிமெயில் இலவசம். ஆனால் அவற்றின் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகளை, நாம் பார்க்க முடியாது. விதிமுறையை மாற்றினால் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். இணைய உலாவியான ஃபயர்ஃபாக்ஸும் அலுவலக வேலைக்கான லிப்ரே ஆபிஸும் இலவசம்தான். கூடவே, அவற்றின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். விலையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு.

காசு கொடுத்தால் நம்முடையது என்று நம்புவது அடுத்தது. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு என்ன நடந்தது? குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்திய நிறுவனம் அது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு அதில் 49 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், நயாரா கட்டணம் செலுத்திப் பயன்படுத்திவந்த அவுட்லுக், டீம்ஸ் போன்ற சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தன் சொந்த மின்னஞ்சலைத் திறக்க நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்புறம்தான் சேவை திரும்பியது. பணம் கட்டியவர் இங்கே, சாவி வேறெங்கோ.

சரி, திறந்த மூலம், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது, என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாமா? அதுவும் கூடாது. உரிமத்தோடு சேர்த்து, நிரலின் பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் உரிமத்தை இறுக்கியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் அதையே செய்தது. இரண்டும் தனித்தனியாக ஒவ்வொரு நிறுவனத்தின் பிடியில் இருந்தவை, அதனால் அது எளிதாக முடிந்தது. ஏற்கெனவே வெளியான நிரலின் பழைய உரிமத்தைத் திரும்பப் பறிக்க முடியாது என்பதால் பயனர்களும் பங்களித்தவர்களும் அதிலிருந்தே ஓப்பன்டோஃபு, வால்கீ என்று தனிக்கிளை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ரெடிஸ் மறுபடி ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் இப்படி நடக்காது. ஆயிரக்கணக்கானோர் எழுதிய நிரலின் பதிப்புரிமை இன்னும் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. அவர்களின் சம்மதம் இல்லாமல் உரிமத்தை மாற்ற வழியே இல்லை.

ஆண்ட்ராய்டையும் இங்கே சொல்ல வேண்டும். அடித்தளம் திறந்தது, பிளே ஸ்டோரும் கூகுளின் சேவைகளும் மூடியவை. 2019-இல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு ஹுவாவேயின் புதிய போன்களுக்கு அடித்தளம் மட்டும்தான் மிஞ்சியது.

எனக்கு அதிகம் வலிப்பது கோப்பு வடிவத்தைக் கவனிக்காத தவறு. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பைத் திறந்து, எழுத்துருவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கணினி சேமித்து வைத்திருப்பது அதைத்தான். தமிழ் என்பது எழுத்துரு போட்டுவிட்ட வேஷம். பாமினியை யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், ஆனாலும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. எழுத்தைக் கணினியில் சேமிக்க ஆளுக்கொரு குறியேற்றம் என்றிருந்த காலத்தில் அச்சகங்களும் டிடிபி கடைகளும் மலைமலையாக இப்படித் தட்டச்சு செய்தன. எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010-இல்தான்.

அந்தக் கோப்புகளில் ஏராளமானவை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7, 2001-இல் வந்தது. அதன் வாரிசான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை அவற்றைத் திறக்கும், அதற்குப் பின் வந்த சந்தாப் பதிப்புகள் திறக்காது. ஒரு சிற்றிதழின் பழைய இதழை இன்று மீட்க வேண்டுமென்றால் பழைய மென்பொருள் வேண்டும், அது ஓடும் கணினி வேண்டும், சரியான எழுத்துரு வேண்டும், யூனிகோடுக்கு மாற்றும் நிரலும் வேண்டும். பாமினிக்கு மாற்றி இணையத்தில் கிடைக்கிறது. பெயரே மறந்துபோன எழுத்துருவுக்கு எங்கே போவது? பிடிஎஃப் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் அதே ஜே, கே, பி, ஓதான் விழும். உங்களிடம் அப்படிக் கோப்புகள் இருந்தால் திறக்க முடிகிற இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் என்ற ஆவண வடிவில் ஒரு பிரதி வையுங்கள். 2006 முதல் அது சர்வதேசத் தரம், எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை.

நிரல் திறந்திருக்கிறது, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவதும் தவறு. கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற நிரலை ஏறக்குறைய ஒற்றை ஆள் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். உதவிக்கு வந்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் அதில் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வைத்தார். தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் 2024 மார்ச்சில் தோண்டிக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. இப்படிப்பட்ட நிரல்களை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பராமரிப்பவர்களுக்குப் பணமும் ஆளும் தர வேண்டும்.

கடைசியாக, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றும் அவசரம். திங்கட்கிழமை காலை அலுவலகம் முழுக்க லினக்ஸ் போட்டால், புதன்கிழமைக்குள் எல்லோரும் பழையதைக் கேட்பார்கள். முதலில் விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ பார்க்க விஎல்சி ஆகியவற்றைப் போட்டுப் பழகுங்கள். அவை லினக்ஸிலும் அப்படியே ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினி வீட்டில் இருந்தால், லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, தமிழ் தட்டச்சு வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள்.