ஹோம் தியேட்டரிலிருந்து ஸ்டீரியோவுக்கு: என் அனுபவம்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் ஸ்பீக்கர்) ஹோம் தியேட்டர் படத்துக்கு அருமை, பாட்டுக்குத்தான் சரிவரவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், ‘கும்’மென்று எழுந்து பாடகர் குரலை மூடிவிடும்.

முதலில் காசே செலவழிக்கவில்லை. சுவரோடு ஒட்டியிருந்த முன் ஸ்பீக்கர்களை 40 செ.மீ. முன்னே இழுத்தேன். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் சோபா. கும்மல் அடங்கி, குரல் நடுவில் வந்து நின்றது!

அப்புறம் அடெல்ஃபி கட்டடத்தின் ஆடியோ கடைகளில் பொறுமையாகக் கேட்டு ஒரு ஜோடி சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ஆறு மாதம் கழித்து, இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். அதில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவுக் கட்டுப்பாட்டைத் தாண்டிச் செல்லும் உள்ளீடு) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஹோம் தியேட்டரை இயக்கும் ரிசீவரின் ப்ரீ-அவுட்டை (முன் ஸ்பீக்கர்களுக்கான, பெருக்காத ஒலி வெளிவரும் இணைப்பை) அங்கே செருகினால், படத்துக்கு ஒலியளவை ரிசீவரே பார்த்துக்கொள்ளும். பாட்டுக்கு சிடி பிளேயர் நேராக ஆம்ப்ளிஃபயருக்கு, ரிசீவரை அணைத்துவிடலாம்.

இப்போது பின்னணியில் தம்புராகூடத் தனியாகக் கேட்கிறது.