மூச்சுச் செயலியை எனக்கேற்ப மாற்றிய விதம்

பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் கணவரை இரணைமடுவுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் 4 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எனக்கு வயது 67. இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்த பின் நெஞ்சு படபடத்து என் நித்திரை கலைந்துவிடுவதை அறிந்த மகள், கைத்தொலைபேசியில் தியானச் செயலியொன்றை நிறுவித் தந்தாள்.

முதற்கிழமை அது ஆறுதலைவிட எரிச்சலையே தந்தது. விரைவான ஆங்கிலக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. மழை நாட்களில் இணைப்பு அறுந்து ஒலி பாதியில் நின்றது. இன்று பயிற்சி செய்யவில்லை என்று நினைவூட்டும் அறிவித்தலோ, ஏற்கெனவே நூறு வேலை உள்ளவளுக்கு இன்னொரு வேலையாக வந்து சேர்ந்தது. 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சியே 8 வாரங்களுக்கானது என்று பேரன் சொன்னபோது, ஒரு கிழமைக்குள் கைவிடப் பார்த்த என் அவசரம் எனக்கே சிரிப்பூட்டியது.

அவன் அறிவித்தல்களை நிறுத்திவிட்டு, "அம்மம்மா, உங்கட குரலிலேயே பதிவம்" என்றான். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடும்படி நானே தமிழில் சொல்லி, 5 நிமிட ஒலிப்பதிவாக்கினோம். அதற்கு இணையம் தேவையில்லை. நீண்ட வெளிமூச்சு, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகசு நரம்பின் வழியாக இதயத் துடிப்பைத் தணிக்கிறது என்பதாலேயே இந்த எண்ணிக்கை.

தனிமையான நேரத்துக்குக் காத்திருந்தால் அது வாய்ப்பதேயில்லை. ஆகவே, கஞ்சி ஊட்டிய பின் புரையேறாதிருக்க அவரை அரை மணி நேரம் நிமிர்த்தி இருத்தும் வேளையைத் தெரிவுசெய்தேன். படபடப்பு முற்றாக நீங்கவில்லை, ஆனால் கலைந்த நித்திரை திரும்புகிறது. இப்போது அவரும் என் எண்ணிக்கைக்கு இடக்கை விரல்களை மடக்குகிறார்.