ஒன்ராறியோவில் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு: ஜே.கே. முதல் கிரேட் ஒன்று வரை

"இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள்?" என்று கேட்டால், ஜே.கே. (ஜூனியர் கிண்டர்கார்டன்) வகுப்பிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை பெரும்பாலும் "விளையாடினேன்" என்றுதான் சொல்லும். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ ரொறன்ரோவுக்கு வந்து சில மாதங்களே ஆன பெற்றோர் இந்த விடையைக் கேட்டுக் கலங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். என் மூத்த மகன் ஜே.கே.யில் சேர்ந்த ஆண்டில் நானும் அவ்வாறே கலங்கினேன். ஊரில் அதே வயதுப் பிள்ளை கொப்பி நிறைய அ, ஆ எழுதிக்கொண்டு வீட்டுப்பாடத்தோடு வரும்போது, இங்கே மணலும் மரக்கட்டையுமாக நாள் கழிகிறதே என்று கவலைப்படுவது இயல்பு. அந்த மணலிலும் மரக்கட்டையிலும் என்ன பாடம் இருக்கிறது, கிரேட் ஒன்றில் அது எவ்வாறு மாறுகிறது, அதற்கு வீட்டில் நாம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. ஒன்ராறியோவில் பாலர் கல்வி இரண்டு ஆண்டுகள் கொண்டது. டிசம்பர் 31க்குள் 4 வயதை எட்டும் பிள்ளை அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே ஜே.கே.யில் சேரலாம், மறு ஆண்டு எஸ்.கே. (சீனியர் கிண்டர்கார்டன்), அதற்கடுத்த ஆண்டு கிரேட் ஒன்று. சட்டப்படி 6 வயதிலிருந்துதான் பள்ளி கட்டாயம் என்றாலும், கட்டணமின்றி முழுநாளும் நடக்கும் இந்த இரண்டு ஆண்டுகளைத் தவறவிட வேண்டாம். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு, குடிவரவு ஆவணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். குடிவரவு நிலை இன்னும் முடிவாகாத குடும்பங்கள் அதை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நாட்டில் தங்குவதற்கான சட்டபூர்வ அனுமதி இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று மாகாணக் கல்விச் சட்டமே சொல்கிறது.

பாலர் வகுப்பறைக்குள் வரிசையாக அடுக்கிய மேசைகளைக் காண முடியாது. ஒரு பக்கம் மணல்தொட்டியும் தண்ணீர்த்தொட்டியும், இன்னொரு பக்கம் மரக்கட்டைகளும், கடை போலவோ சமையலறை போலவோ அமைத்த ஒரு மூலையும், படம் வரையும் மேசையும், புத்தக மூலையும், நடுவே எல்லோரும் கூடி அமரும் கம்பளமும் இருக்கும். முழுநாள் பாலர் வகுப்பு 2010இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, 2014 செப்டெம்பரில் மாகாணமெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஒரு வகுப்பில் சராசரியாக 26 பிள்ளைகள் வரை இருப்பார்கள் என்பதால், ஆசிரியரோடு ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வியில் தகுதி பெற்ற இன்னொரு கல்வியாளரும் பெரும்பாலான வகுப்புகளில் பணியாற்றுகிறார். அவரை ஆயா என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் பிள்ளையைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுக்கும் இருவரில் அவரும் ஒருவர்.

2016ஆம் ஆண்டின் பாலர் பாடத்திட்ட ஆவணம் கற்றலை நான்கு தளங்களாகப் பிரித்தது: பிறரோடு சேர்ந்து வாழ்ந்து பங்களித்தல், தன்னைத் தானே ஒழுங்குபடுத்தலும் உடல் மன நலமும், மொழியும் கணிதமும், சிக்கலைத் தீர்த்தலும் புதிதாக எண்ணுதலும். இவை தனித்தனிப் பாடவேளைகளாக நடப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் மரக்கட்டையால் பாலம் கட்டுகிறார்கள், பாலம் சரிகிறது. ஆசிரியர் அருகில் அமர்ந்து, "ஏன் விழுந்தது? எந்தக் கட்டையை அடியில் வைத்தால் நிற்கும்?" என்று கேட்கிறார். பிள்ளைகள் எண்ணுகிறார்கள், நீளம் ஒப்பிடுகிறார்கள், யார் எதை வைப்பது என்று பேசி முடிவெடுக்கிறார்கள், பிறகு தாங்கள் கட்டியதை வரைந்து அதன் கீழே தமக்குத் தெரிந்த எழுத்துகளில் பெயரும் எழுதுகிறார்கள். நான்கு தளங்களும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துபோய்விடுகின்றன. விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியில் எழுத்திலிருந்தே கல்வியை ஆரம்பித்துப் பழகிய நமக்கு, எழுத்துக்கு முன்னால் இவ்வளவு இருக்கிறது என்பதை ஏற்கச் சற்றுக் காலம் எடுக்கிறது.

இந்த நான்கில் நம்மவர் குறைவாக மதிப்பது தன்னொழுங்கு என்று எனக்குப் படுகிறது. அம்மம்மா சோறு குழைத்து ஊட்டி வளர்த்த பிள்ளை, பள்ளியில் பல வேளைகளில் இருபது நிமிடத்துக்குள் தன் உணவுப்பெட்டியைத் தானே திறந்து, தானே உண்டு, மூடி வைக்க வேண்டியிருக்கிறது. டிசம்பரில் பிறந்த பிள்ளையானால் சேரும்போது அதற்கு நான்கு வயதும் நிறைந்திருக்காது. கழிவறைக்குத் தானே சென்று வருவது, குளிர்காலத்தில் பனிக்காற்சட்டை, சப்பாத்து, மேலங்கி, தொப்பி, கையுறை என்ற வரிசையில் தானே அணிவது, கோபம் வரும்போது அடிக்காமல் சொல்லால் சொல்வது, தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆகிய எல்லாமே இங்கே பாடம்தான். கோடைகாலத்திலேயே அந்த உணவுப்பெட்டியை வீட்டில் திறந்து மூடிப் பழக்குங்கள். பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும்: கச்சான், கச்சான் அல்வா, நிலக்கடலைச் சட்னி போன்றவற்றைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. ஒவ்வாமையால் 2003இல் உயிரிழந்த சப்ரினா ஷானன் என்ற மாணவியின் பெயரால் 2006இல் நடைமுறைக்கு வந்த மாகாணச் சட்டம், கடும் ஒவ்வாமையிலிருந்து மாணவரைக் காக்கும் திட்டம், அந்தந்தப் பகுதியின் பள்ளிகளை நடத்தும் ஒவ்வொரு கல்விச் சபையிலும் இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட விதி இது.

எண்களைப் பற்றி ஒரு சொல். நூறு வரை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டையை எடுத்துத் தரச் சொன்னால் ஒன்பதை அள்ளித் தருவதுண்டு. ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுவதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று அறிவதும், பகடையின் புள்ளிகளை எண்ணாமலே ஐந்து என்று கண்டுகொள்வதும், சிவப்பு நீலம் சிவப்பு நீலம் என்று வரும் ஒழுங்கைத் தொடர்வதும் பாலர் வகுப்பின் கணிதம். இதை வீட்டில் தமிழிலேயே செய்யலாம். எண்ணின் பொருளைத் தமிழில் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மிஞ்சுவது பெயர் மட்டுமே.

வாசிப்பில்தான் தமிழ்ப் பெற்றோர் மிகுந்த அக்கறையோடு தவறான உதவியைச் செய்துவிடுகிறோம், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழில் உயிரெழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. 'அ' என்று பெயர் சொன்னாலே ஒலி வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. 'சி, யு, பி' என்று எழுத்துப் பெயர்களை எத்தனை முறை கூட்டிச் சொன்னாலும் 'கப்' என்ற சொல் பிறக்காது. 'க், அ, ப்' என்று ஒலிகளைக் கூட்டினால்தான் பிறக்கும். எனவே எழுத்துப் பெயர்களைப் பாட்டாகப் பாடத் தெரிவது நல்லதே என்றாலும், வாசிப்புக்குத் திறவுகோல் ஒலிதான். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு: புள்ளி வைத்த மெய் என்ற கருத்து நம் மொழியிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு ஒலியைச் சொல்லும்போது 'க', 'ப' என்று அகரம் சேர்க்காமல், 'க்', 'ப்' என்று மெய்யாகவே சொல்லுங்கள். அதேவேளை, ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதிக் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பன்றியைக் குறிக்கும் சொல்லும் 'பெரிய' என்று பொருள்படும் சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே வரும். ஆங்கிலத்தில் அவ்விரண்டின் முதல் ஒலிகளும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டைக் கேட்கப் பழகுவதுதான் அப்பருவத்தின் வேலை, நம் எழுத்து அதை மறைத்துவிடுகிறது.

பள்ளிகளின் அணுகுமுறையும் அண்மையில் மாறியிருக்கிறது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2022 பெப்ரவரியில் வெளியிட்ட 'வாசிக்கும் உரிமை' விசாரணை அறிக்கை, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்கும் முறை பல பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்றும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நேரடியாகவும் ஒழுங்குமுறையாகவும் படிப்பிக்க வேண்டும் என்றும் கூறியது. அதன் பின்னர் 2023 செப்டெம்பரில் கிரேட் ஒன்று முதல் எட்டு வரைக்கும் புதிய மொழிப் பாடத்திட்டம் வந்தது, எஸ்.கே. முதல் கிரேட் இரண்டு வரை தொடக்க வாசிப்புத் திறனைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. அந்தச் சோதனை தேர்வு அல்ல. யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்பதை முன்கூட்டியே கண்டறிவதற்கானது. உங்கள் பிள்ளைக்கு உதவி தேவை என்று சொன்னால் அதை அவமானமாகக் கருதாமல் உடனே சம்மதியுங்கள். ஆறு வயதில் கிடைக்கும் உதவியைப் பத்து வயதில் ஈடுசெய்வது மிகக் கடினம்.

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை வகுப்பில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வாய் திறக்காமல் இருக்கலாம். அது ஆங்கிலத்தை உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கும் காலம். அந்த மௌனத்தைக் கண்டு பயந்து, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் வீட்டில் பேசத் தொடங்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஆங்கிலம் எப்படியும் வரும். பேச்சில் கதையும் காரணமும் நிறைந்த தமிழை இழந்தால், அது தானாகத் திரும்பி வராது. பள்ளிக் கொள்கையும் வீட்டு மொழியைப் பேணும்படியே சொல்கிறது. தமிழில் கதை சொல்லுங்கள், ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். ஒரு கல்விச் சபையின் எல்லைக்குள் 25 பிள்ளைகளின் பெற்றோர் தம் மொழிக்கு வகுப்பு கேட்டால் அச்சபை அதை நடத்த வேண்டும் என்பது மாகாண விதி. பல இடங்களில் தமிழ் வகுப்புகள் இவ்வாறே நடக்கின்றன. இன்னொன்று: பிள்ளையின் பெயரை எவ்வாறு உச்சரிப்பது என்பதை முதல் நாளே ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை முதலில் எழுதப் பழகும் சொல் அதன் பெயர்தான். அதைச் சுருக்கிச் சிதைத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

கிரேட் ஒன்றில் மாற்றம் திடீரென்று தெரியும். வகுப்பில் அதிகபட்சம் 23 பிள்ளைகள், பெரும்பாலும் ஒரே ஆசிரியர், மேசை நாற்காலி, பாடவேளைகள். கணிதத்துக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். 50 வரை எண்களை வாசிப்பது, இரண்டு, ஐந்து, பத்தாகத் தாவி எண்ணுவது, கூட்டுத்தொகை பத்துக்குள் வரும் கணக்குகளை நினைவிலிருந்து சொல்வது, கனடிய நாணயங்களையும் 50 டொலர் வரையுள்ள தாள்களையும் அறிவது, கட்டளைகளை வரிசைப்படுத்தும் எளிய குறிநிரலாக்கம் ஆகியவை இவ்வகுப்புக்கு உரியவை. அறிவியலில் உயிர்களின் தேவைகள், ஆற்றல், பொருள்களும் அமைப்புகளும், நாளும் பருவமும் மாறும் விதம் என்று நான்கு பகுதிகள். சமூகக் கல்வியில் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் தன் பங்கும் பொறுப்பும். செப்டெம்பர் 30 அன்று செம்மஞ்சள் சட்டை அணிந்து வரச் சொல்வது, குடும்பங்களிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் துன்புற்ற பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூர்வதற்காக. வீட்டையும் பிள்ளைகளையும் இழப்பது என்னவென்று அறிந்த நம் சமூகம் அந்த நாளை மனதாரப் புரிந்துகொள்ளும் என்று நம்புகிறேன். ஜனவரி, 2014ஆம் ஆண்டின் மாகாணச் சட்டப்படி தமிழ் மரபுரிமை மாதம். பொங்கலைப் பற்றி வகுப்பில் பேச வரட்டுமா என்று ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

உடல்நலப் பாடத்தில், பாலுறுப்புகள் உட்பட உடலுறுப்புகளின் சரியான பெயர்களைக் கிரேட் ஒன்றிலேயே கற்பிக்கிறார்கள் என்பது பலருக்கு அதிர்ச்சி தருகிறது. தனக்கு நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையே பாதுகாப்பான பிள்ளை என்பது அதன் நோக்கம். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். விரும்பாத பெற்றோர் அப்பகுதியிலிருந்து விலக்குக் கோரலாம்.

இனி அறிக்கைகள். பாலர் வகுப்பில் மதிப்பெண் கிடையாது. என்ன கற்றது, எதில் வளர்ந்தது, அடுத்த படி என்ன என்று ஆசிரியர் வாக்கியங்களில் எழுதித் தருவார். அந்த 'அடுத்த படி' என்ற பகுதியை இருமுறை வாசியுங்கள், வீட்டில் செய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. கிரேட் ஒன்றில் இலையுதிர்காலத்தில் முன்னேற்ற அறிக்கையும், பின்னர் குளிர்காலத்திலும் ஜூனிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துத் தரங்களும் வரும். 'பி' என்பது மாகாணம் எதிர்பார்க்கும் தரத்தை எட்டிவிட்டது என்று பொருள். அதைப் பார்த்துப் பிள்ளையைக் கடிந்துகொள்ள ஒரு காரணமும் இல்லை. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற நிரல் இங்கே இல்லை. மாறாக, பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், சேர்ந்து வேலை செய்தல், முன்முயற்சி, தன்னொழுங்கு என்ற ஆறு பழக்கங்களுக்குத் தனித் தரம் உண்டு, அதுவும் அறிக்கையின் தொடக்கத்திலேயே.

ஆசிரியர் சந்திப்புக்கு அழைப்பு வந்தால் வேலையில் விடுப்பு எடுத்தாவது செல்லுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குடியேற்ற உதவியாளர் பணியாற்றும் பள்ளிகளில் அவரும் உதவுவார். பேச்சு உங்கள் பிள்ளையைப் பற்றியது என்பதால், அந்தப் பிள்ளையையோ அதன் அண்ணன் அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "எத்தனை மதிப்பெண்?" என்பதற்குப் பதிலாக, "எந்த மூலையில் அதிக நேரம் இருக்கிறாள்? யாரோடு விளையாடுகிறாள்? எந்த ஒலிகள் இன்னும் பிடிபடவில்லை?" என்று கேளுங்கள். ஆசிரியர் தம் குறிப்பேட்டைத் திறந்து பதில் சொல்வார்.