விற்கப்போகும் வீட்டைப் பார்வைக்கு ஆயத்தப்படுத்துதல்

சென்னையில் பழைய தனி வீட்டை விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்டரைத்தான் அழைக்கிறார்கள். அதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். தளத்து ஓடுகளின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கிறதா, நீர் தேங்கிய கறை எங்கேனும் தெரிகிறதா என்று கவனித்துச் சரிசெய்த பிறகே, கீழே ஓதம் ஏறிய சுவர்களுக்கு வர வேண்டும். ஈரம் காயாத சுவரில் பெயின்ட் அடித்தால், உள்ளிருக்கும் நீர் வெளியேறும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து, புதுப் பூச்சை உப்பச்செய்து உதிர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம் பூசுவதே நல்லது.

அதுவரை பொறுக்க முடியாதென்றால் கறையை மறைக்காதீர்கள். எங்கே கசிந்தது, என்ன வேலை பார்த்தோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டறிய முடியாத முக்கியக் குறையை, அதை அறிந்திருக்கும் விற்பவர் தெரிவித்தாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டுக்கடனோடு வாழ்நாள் சேமிப்பையும் சேர்த்துப் போட்டு வாங்கும் ஒரு குடும்பத்துக்கு, சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அந்த அளவு கடமைப்பட்டவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது தண்ணீர். வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே கீழ்நிலைத் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவி, ஒழுகும் குழாய்களுக்கு வாஷர் மாற்றி வையுங்கள். குளியலறையின் உப்புக் கறையை நீக்குவதற்காக ஆசிட்டைக் கையில் எடுப்பவர்கள், அது மொசைக் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதிலுள்ள சிமென்ட்டையும் பளிங்குச் சில்லுகளையும் அமிலம் அரித்துவிடும். மங்கிய மொசைக்குக்கு இயந்திரம் கொண்டு பாலிஷ் போடுவதே வழி.

பரணில் கிடப்பவற்றைக் கழித்து, சன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்தினாலே அறை விரிந்து தெரியும். நகை, பணம், அசல் பத்திரங்கள் ஆகியவற்றைப் பூட்டி வைத்துவிட்டு, தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை மட்டும் ஒரு கோப்பில் தயாராக வையுங்கள்.

பகல் வெளிச்சத்தில் வரச் சொல்லி, அரை மணி நேரம் முன்பே எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். ஊதுபத்திப் புகையை நிறைத்தால், ஓத வாடையை மறைக்கிறார்களோ என்ற ஐயமே எழும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு முதல் நாளே சொல்லி, அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாளில் இன்னொரு முறை வந்து பார்க்கிறோம் என்று வாங்க வருகிறவர்கள் கேட்டால், தயங்காமல் ஒப்புக்கொண்டு, மொட்டை மாடிக் கதவையும் திறந்து வையுங்கள்.