கோல்ஃப் கிளப்பின் தூரத்தை அளப்பதும் சரிபார்ப்பதும்

தொழில்முறை கோல்ஃப் வீரர் ஒருவர் 7 அயர்ன் என்ற கிளப்பில் (கிளப் என்பது பந்தடிக்கும் கோல்) 180 கஜம் அடித்தார் என்று தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு, சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ கிளப் பையோடு ஊர் திரும்பியவர்கள் காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் பொட்டலில் அதே எண்ணைத் தேடிச் சோர்ந்துபோவது உண்டு. அந்த எண் எதை அளந்து கிடைத்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பந்து காற்றில் சென்று முதன்முதலாகத் தரையைத் தொடும் வரை உள்ள தூரம் கேரி எனப்படும்; அதன்பின் உருண்டு நிற்கும் இடம் வரை சேர்த்தால் அது மொத்தத் தூரம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் வெளியிடும் டிரைவிங் சராசரி, அதாவது குழியின் முதல் நீண்ட அடியின் சராசரி, மொத்தத் தூரமே. காற்றின் சாதக பாதகம் ஒன்றையொன்று ஈடுசெய்வதற்காக, ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் அமைந்த இரண்டு குழிகளின் ஆட்டத் தடங்களில் அது அளக்கப்படுகிறது. ஆனால் வீரரும் அவருடைய உதவியாளரான கேடியும் தம் குறிப்பேட்டில் ஒவ்வொரு கிளப்புக்கும் முதலில் எழுதுவது கேரியைத்தான். மணற்குழியையும் நீர்நிலையையும் பந்து தாண்டுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

கேரியை அறிய அவர்கள் பயன்படுத்தும் லான்ச் மானிட்டர்கள் பொதுவாக இரு வகைப்படும். டென்மார்க்கைச் சேர்ந்த டிராக்மேன் போன்றவை ரேடார் கொண்டு பறக்கும் பந்தைப் பின்தொடர்கின்றன. கேமரா வகைக் கருவிகள் கிளப்பை விட்டுப் பந்து புறப்படும் கணத்தைப் படம்பிடித்து, அதன் வேகம், எழும் கோணம், சுழற்சி ஆகியவற்றிலிருந்து மீதிப் பயணத்தைக் கணக்கிடுகின்றன. ஆகவே அறைக்குள் வலையில் அடித்துக் கிடைக்கும் தூரம், எக்கருவியானாலும், கணக்கிட்ட தூரமேயன்றி அளந்த தூரமன்று. டிராக்மேன் முன்பு வெளியிட்ட பிஜிஏ டூர் சராசரிப் பட்டியலில் மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரின் கேரி 275 கஜம், 7 அயர்னின் கேரி 172 கஜம். உலகின் தேர்ந்த வீரர்களுடைய சராசரியே இவ்வளவுதான் என்பதை நம்மூர் ஆர்வலர்கள் மனத்தில் இருத்துவது நல்லது.

அளக்கும்போது, போட்டியில் ஆடும் அதே வகைப் பந்தையே பயன்படுத்த வேண்டும். பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகள் பெரும்பாலும் குறைவாகவே பறக்கும். உடல் சூடான பிறகு ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பன்னிரண்டு அடிகள் அடித்து, தெளிவாகப் பிசகியவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியையும் மிகக் குறைந்த, மிக அதிகமான தூரங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தில் ஒரு முறை பறந்த மிக நீண்ட அடியைத் தம் தூரமாகச் சொல்லிக்கொள்வது பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். தொழில்முறை வீரர் அப்படிச் செய்தால் பந்து தண்ணீரில்தான் விழும்.

இனிச் சரிபார்ப்பு. பேரேட்டை ஒருவர் எழுத, மற்றொருவர் ஐந்தொகை போட்டுப் பார்ப்பதைப் போல, கருவி சொன்னதை அதனோடு தொடர்பில்லாத வேறொரு வழியில் ஒத்துப் பார்க்க வேண்டும். கட்டட வேலைக்குப் பயன்படும் 100 அடி டேப்பை மூன்று முறை இழுத்தால் சரியாக 100 கஜம் கிடைக்கும். ஆளரவமற்ற, மட்டமான பொட்டலில், பந்தடிக்கும் இடத்திலிருந்து டேப் தொய்யாமல் இழுத்து 100 கஜம் முடியும் இடத்தில் ஒரு கழியை நட்டு, அங்கிருந்து ஒவ்வொரு 30 அடிக்கும், அதாவது 10 கஜத்துக்கும், குறுக்கே சுண்ணாம்புத் தூளால் கோடு போட வேண்டும். இலக்கின் தூரத்தைக் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர்கள், மேடு பள்ளத்துக்கேற்பத் தூரத்தைத் திருத்தும் அதன் சரிவுக் கணக்கை அணைத்துவிட்டு முதலில் அந்தக் கழியைக் குறிவைக்கட்டும்; 100 என்றோ ஒரு கஜம் கூடக்குறையவோ காட்டினால் அதை நம்பலாம். துணைக்கு நிற்பவர் பந்தின் பாதையிலிருந்து நன்கு விலகிப் பக்கவாட்டில் நின்று, பந்து முதலில் விழும் இடத்தைக் குச்சியால் அடையாளமிட வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் ஈரச் செம்மண்ணில் பந்து சிறு குழியைப் பதித்துவிடும் என்பதால் இது எளிது. சித்திரை வெயிலில் இறுகிய தரையிலோ புழுதி எழும் கணத்தைக் கண்ணால் பிடித்தாக வேண்டும். அங்கே பந்து துள்ளி ஓடும் தூரத்தைக் கேரியோடு சேர்த்துவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். (கண்மாய் உள்வாயில் ஆடு மேய்ப்பவர்கள் இருந்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.) லான்ச் மானிட்டர் தந்த கேரி, குச்சி நட்ட தூரத்தைவிட ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே அல்லது ஒவ்வொரு முறையும் குறைவாகவே இருந்தால், முதலில் அக்கருவி இலக்கை நோக்கி நேராக வைக்கப்பட்டுள்ளதா, அதில் பதிந்துள்ள வெப்பநிலையும் கடல்மட்ட உயரமும் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

அந்த இரண்டும் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. வெப்பக் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கோடையில் பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். காற்றின் ஈரப்பதம் பந்தை இழுத்துப் பிடிக்கிறது என்று பலர் நம்பினாலும், ஈரக்காற்று உலர்காற்றைவிட மிகச் சிறிதளவு இலேசானது. அதன் விளைவு பொருட்படுத்தத் தக்கதன்று. உயரத்தின் விளைவு பெரிது. கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத செட்டிநாட்டில் 150 கஜம் போகும் அடி, ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானல் திடலில் 160 கஜத்தையும் எட்டக்கூடும். தொழில்முறை வீரர்கள் உயரமான ஊர்ப் போட்டிக்குச் சென்றால் பயிற்சி நாட்களிலேயே ஒவ்வொரு கிளப்பையும் மீண்டும் அளந்து புதிய பட்டியல் எழுதுவது இதனால்தான்.

உங்கள் பட்டியலிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தேதி, ஏறத்தாழ வெப்பநிலை, பந்தின் வகை ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்தடுத்த இரு அயர்ன்களுக்கு இடையே வழக்கமாக 10 முதல் 15 கஜம் வரை வித்தியாசம் இருக்கும். இரண்டு கிளப்புகள் ஏறக்குறைய ஒரே தூரத்தைக் காட்டினால், அளவையைக் குறை சொல்வதற்கு முன் அவற்றின் முகச் சாய்வுக் கோணத்தைக் கிளப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.