கழுத்து இறக்கிய பிளவுஸ்: தைக்கக் கொடுக்கும்போது விடுகிற பிழைகள்

பிளவுஸ் தோளால் வழுக்கினால் எல்லாரும் கழுத்து இறக்கத்தைத்தான் திட்டுவார்கள், ஆனால் பெரும்பாலும் குற்றம் அகலத்தில்தான் இருக்கும். முன்கழுத்து 7 அங்குலம் இறங்கினாலும் அகலத்தைக் குறைத்து வெட்டியிருந்தால் சட்டை அசையாது. இறக்கம் 5 அங்குலம்தான், அகலம் மட்டும் தோள் முனைக்குக் கிட்டப் போய்விட்டது என்றால் கலியாண வீடு முடியும்வரை தோளை இழுத்து விட்டபடியே நிற்க வேண்டியதுதான். அதைவிட மோசம், முன்னும் பின்னும் இறக்கி அகலத்தையும் கூட்டுவது. சட்டையைப் பிடித்து வைக்க மேலே ஒன்றுமே மிஞ்சாது. முதுகு இறக்கமாக வேண்டுமென்றால் முன்கழுத்தைக் கொஞ்சம் ஏற்றி, பின்னால் தோளுக்குச் சற்றுக் கீழே நாடா வைக்கச் சொல்லுங்கள். குஞ்சம் அழகுக்கு, நாடா தோளைப் பிடிக்க.

அளவு கொடுக்கப் போகும்போது வீட்டில் போடுகிற தளர்ந்த பிராவோடு போகாதீர்கள். விசேஷத்துக்கு எதைப் போடுவீர்களோ அதோடு போங்கள், இல்லாவிட்டால் கழுத்து முன்னால் விரிந்து நிற்கும். தைத்ததை வாங்கும்போதும் கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துவிட்டு, சரி என்று காசு கொடுக்கிற ஆட்கள்தான் அதிகம். குனிந்து பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள். பத்திரகாளி அம்மன் கோவிலில் விழுந்து கும்பிடும்போது கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு கும்பிட முடியுமா?

கழுத்து வளைவு துணியின் மூலைவாட்டில் வருவதால் வெட்டியதுமே இழுபடும், வழுவழுப்பான துணி என்றால் இன்னும் மோசம். லைனிங்கும் கழுத்தோரத்துக்கு, மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் பட்டியும் கேட்டு வாங்குங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை நம்பி வெளிக்கிடுவது திருகோணமலையில் சரிவராது. கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியானம் வியர்வையில் அது தானாகவே கழன்றுவிடும். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பட்டி வைத்த பிராவும் அப்படித்தான், தெரியாது என்று நினைத்துப் போடுவது வெயிலில் பளபளவென்று மின்னும். உள்ளே தோள் தையலோடு சின்னத் துணிப் பட்டியும் அமத்துப் பொத்தானும் வைத்தால் பிரா பட்டி வெளியே வராது. கோணேச்சரத்துக்குப் போகிறீர்கள் என்றால் முந்தானையைத் தோளில் கட்டாயம் பின் குத்துங்கள், அந்த மலைமேல் கடல் காற்று மரியாதை பார்க்காது.

தாலிக்கொடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே இறக்கத்தைக் குறியுங்கள், கொடி கழுத்தோரத்தில் பாதி உள்ளே பாதி வெளியே கிடந்தால் பார்க்க நன்றாக இராது. பிறகு, நினைத்ததைவிட அரை அங்குலம் குறைத்தே சொல்லுங்கள். போட்டுப் பார்த்து, போதாவிட்டால் வெட்டி இறக்கலாம். கூட இறங்கிவிட்டால் லேஸ் வைத்துத்தான் மறைக்க வேண்டும், அந்த லேஸ் ஒருநாளும் சாறியோடு பொருந்தாது.